செவலைக்கு என்ன சீக்கு?



போன ஆனியில் நம் வீட்டுச் செவலைக் கோழியின் படத்தைப் போட்டு, "உடம்பு சரியில்லை, வைத்தியம் நடக்கிறது" என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. பலர் கேட்டுவிட்டீர்கள். "சார், அந்தக் கோழி பிழைச்சுதா, குழம்பாச்சா?" என்று துபாயிலிருந்து ஒருவன் போன் போட்டே கேட்டான். இன்றுதான் எழுத மனசு வந்தது. கொஞ்சம் நீளமாக இருக்கும். என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், உட்காருங்கள்.

மேலகரத்தில் நம் வீட்டுப் புறவாசலில் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் நிற்கின்றன. செவலைதான் மூத்தவள். மூன்று முறை அடையிருந்து குஞ்சு பொரித்தவள். பருந்து தலைக்கு மேல் வந்தால் இறக்கையை விரித்துக்கொண்டு எதிரே பாய்வாள். அப்படிப்பட்டவள், சாரல் தொடங்கிப் பத்து நாளில் ஒரு மூலையில் போய் இறகைச் சிலிர்த்துக்கொண்டு குந்த ஆரம்பித்தாள். முட்டை நின்றுபோனது. அரிசிக் குருணையைப் போட்டால் மற்றவை ஓடி வரும், இவள் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்ப்பாள்.

முதலில் கவனித்தது வீட்டுக்காரிதான். "ஏங்க, செவலை கொண்டையப் பாத்தியளா? செம்பருத்திப் பூ மாதிரி இருக்கும். இப்பம் சாயம் போன துணி மாதிரில்லா இருக்கு" என்றாள். தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை. நெஞ்சைத் தடவினால் சதை வற்றி, நடு எலும்பு கத்திமுனை போலக் கையில் தட்டியது.

தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். "சீக்கு வந்துட்டு, மத்தக் கோழிகள உடனே வித்துருங்க" என்றார் ஒருவர். 2021 ஜனவரியில் கேரளாவில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தபோது, நம் புளியரை சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்தடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதனால் எந்தக் கோழி குந்தினாலும் அந்தப் பயம் ஒரு பக்கம். எங்கள் மருமகனோ, "மாமா, பேசாம பிரானூர் பார்டர் பக்கம் அனுப்பி வச்சிருங்க" என்று வீடியோ காலில் சிரித்தார்.

நான் அறிவியல் வாத்தியார் அல்லவா, யோசித்துப் பார்த்தேன். நாம் சீக்கு என்று சொல்வது வெள்ளைக் கழிச்சல். 1920களின் கடைசியில் இமயமலை அடிவாரத்து இராணிகேத் ஊரில் கண்டதால் இந்தியாவில் அதற்கு இராணிகேத் நோய் என்று பெயர். வெளிநாட்டில் இங்கிலாந்து நகரத்தின் பெயரால் நியூகாசில் நோய் என்பார்கள். அது வந்தால் இப்படி வாரக்கணக்கில் குந்த வைக்காது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலதுக்குக் கழுத்து திருகும், இரண்டு மூன்று நாளில் கூடே காலியாகும். பறவைக் காய்ச்சலும் கூட்டமாக அள்ளிக்கொண்டு போவதுதான். இங்கே மூன்று வாரமாக வாடுவது செவலை ஒருத்தி மட்டும். பிப்ரவரி முகாமில் கழிச்சல் தடுப்பூசியும் போட்டிருந்தோம். ஆகவே இது வேறு என்று முடிவு செய்தேன். அதுவரை என் யோசனை சரிதான்.

அவளைத் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, அடியில் பழைய பேப்பரை விரித்தேன். மறுநாள் காலை எச்சத்தில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. என் சுண்டுவிரல் நீளம், நூல்கண்டு நூலை விடக் கொஞ்சம் தடிமன், இரண்டு முனையும் கூர்மை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். உருளைப்புழு! எத்தனை வருஷம் கரும்பலகையில் வரைந்திருப்பேன்! ஓம்புயிரி, ஒட்டுண்ணி, வாழ்க்கைச் சுழற்சி, அம்புக்குறி, ஐந்து மதிப்பெண். மனிதனுக்கு வருவது அஸ்காரிஸ், கோழிக்கு வருவது அதன் பங்காளி அஸ்காரிடியா. பெண் புழு இடும் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழும். ஈரமும் சூடும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் அதற்குள்ளே குட்டிப்புழு தயாராகிவிடும். கோழி அந்த மண்ணைக் கிளறிக் கொத்தும்போது உள்ளே போய், ஒன்றரை இரண்டு மாதத்தில் பெரிய புழுவாகித் தானும் முட்டையிடும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் அந்த முட்டை மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். குற்றாலச் சாரலில் நனைந்து, வாழை நிழலில் கிடக்கும் எங்கள் புறவாசலை விட அதற்கு நல்ல இடம் எது?

எச்சத்தைக் கவரில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகம் போனேன். டாக்டரம்மா சின்ன வயது, திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரியே 2012இல் வந்ததுதான். எச்சத்தைக் கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்து வந்ததைக் கண்ணாடித் துண்டில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். முட்டை முட்டையாக இருந்தது. "புழு இருக்கு சார், மருந்து தாறேன். எடை போட்டீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பைக்குள் வைத்துத் தொங்குதராசில் போட்டால் ஒரு கிலோ நூறு கிராம். அந்த எடைக்குத்தான் மருந்தளவு. அந்த அளவை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் கோழி வேறு, எடை வேறு.

கொடுத்தது ஆல்பெண்டசோல். பெயர் எங்கோ கேட்டது போல இருக்கிறதா? 2015இல் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கிய பிறகு, பிப்ரவரியில் வரிசையாக நிற்க வைத்து, "மென்னு முழுங்கு, துப்புனா அடி" என்று கடைசி சில வருஷத்துப் பிள்ளைகளுக்கு நானே கொடுத்த மாத்திரை அதுதான். மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் அந்தக் கோழி முட்டையைச் சாப்பிடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் ஏழு புழு விழுந்தது. எண்ணிப் பார்த்தேன். தெருவில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். வியாதியைக் கண்டுபிடித்த டாக்டரை விட, புழுவைக் கண்டுபிடித்த எனக்குத்தான் பெருமை அதிகம்.

இனி எழுத வேண்டியதைத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

அந்த வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். என்னிடம் ஒன்பதாவது வரை படித்தவள், பிறகு பீடித்தட்டைக் கையில் எடுத்தவள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். (அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.) ஒரு கோழியைப் பதினொரு முட்டையில் அடை வைத்திருந்தாள். குஞ்சுகளை வளர்த்துப் பொங்கலுக்கு விற்றால் கையில் ஒரு தொகை நிற்கும் என்பது கணக்கு.

"சார், அடைக்கோழி முட்டைய விட்டுட்டு விட்டுட்டு எந்திரிச்சிருது சார். பகல்ல ஒழுங்காத்தான் உக்காருது. ராத்திரிதான் வெளிய வந்து நிக்கு. எங்க ஆச்சி அடை வைக்கும்போது கூடைக்குள்ள நொச்சி இலையும் பொயிலைத்தூளும் போடும். போடட்டா சார்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் வேண்டாம். குடல்ல பூச்சி இருந்தா இருப்புக் கொள்ளாதும்மா. பூச்சி மருந்து வாங்கிக் கொடு, சரியாப் போகும்" என்றேன். அவள் கோழியை நான் போய்ப் பார்க்கக்கூட இல்லை. எச்சத்தைக் கொண்டுவரச் சொல்லவும் இல்லை. செவலையின் புழுவை அவள் கோழியின் வயிற்றிலும் வைத்துவிட்டேன். "சரி சார்" என்று போனாள். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போனாள்.

பன்னிரண்டு நாள் ஆனது. செவலையின் எச்சத்தில் புழு இல்லை. ஆனால் கொண்டை அப்படியேதான் இருந்தது. இன்னும் வெளுத்தது என்றே சொல்லலாம். மறுபடி மருந்தகம் போனேன். டாக்டரம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். எல்லாம் வெளிறியிருந்தது.

"சார், இது வளர்ந்த கோழி. மூணு மாசத்துக்கு மேல ஆன கோழி இந்தப் புழுவை ஓரளவு தாங்கிக்கும். உருளைப்புழு குடல்ல இருக்கிற தீனியைத்தானே தின்னுது? இவ்வளவு ரத்தம் எங்க போச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. உருளைப்புழு செரித்த உணவை உண்ணும், கொக்கிப்புழுதான் இரத்தத்தை உறிஞ்சும். வித்தியாசம் எழுதுக, இரண்டு மதிப்பெண். வருஷா வருஷம் கேட்ட கேள்வி. மாற்றி எழுதியவனுக்கு முட்டை போட்டிருக்கிறேன். அதே தப்பை நான் என் வீட்டுப் புறவாசலில் செய்திருக்கிறேன்.

"ராத்திரி கூட்டைப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். பகலில் மட்டும்தான் பார்த்தேன் என்றேன். "இன்னைக்கு ராத்திரி லைட்ட அணைச்ச பிறகு டார்ச் எடுத்துட்டுப் போங்க. வெள்ளைத் துணியால கம்புக்கு அடிப்பக்கம் தடவிப் பாருங்க."

எங்கள் கோழிக்கூடு பழைய பெஞ்சுப் பலகையில் அடித்தது. பள்ளிக்கூடத்தில் உடைந்த பெஞ்சுகளை ஏலம் விட்டபோது நான் எடுத்தது. இராத்திரி பத்து மணிக்கு மேல், சாரல் பொசுபொசுவென்று தூறிக்கொண்டிருக்க, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். கோழிகள் கம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பழைய வேட்டித் துண்டால் கம்பின் அடியைத் தடவி, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளைத் துணியில் சிவப்புக் கோடு, இரத்தம்.

பலகை இடுக்கில் வெளிச்சத்தை அடித்தேன். மிளகாய்ப் பொடியைத் தூவியது போல நகர்ந்தது. செவலை உட்காரும் ஓரத்தில்தான் அதிகம், அங்கேதான் பலகை பிளந்து கிடந்தது. நீங்கள் பரீட்சைக்குப் பிட்டு ஒளித்து வைத்த அதே இடுக்குகள்! அப்போதும் அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அது சிவப்பு உண்ணி. நம் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கோழிப்பேன் என்போம். ஆனால் பேன் வேறு, இது வேறு. பேன் ஆறு கால் பூச்சி. இரவும் பகலும் கோழி உடம்பிலேயே இருக்கும். இறகடியில் வெள்ளையாக முட்டை ஒட்டியிருக்கும், பகலிலேயே கண்டுபிடித்துவிடலாம். இந்த உண்ணி எட்டுக் கால், சிலந்தி வகை. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பகலில் சாம்பல் நிறத்தில் இடுக்கில் படுத்துக் கிடக்கும். கோழி தூங்கிய பிறகு ஏறி, வயிறு சிவக்கக் குடித்துவிட்டு, விடிவதற்குள் இறங்கிவிடும். சூட்டுக் காலத்தில் முட்டையிலிருந்து பெரிதாக ஒரு வாரம் போதும். பட்டினி போட்டாலும் மாதக்கணக்கில் சாகாது. பகலில் கோழியை எத்தனை முறை தூக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. வியாதி கோழியிடம் இல்லை, வீட்டில் இருக்கிறது.

அந்த இடத்தில்தான், குடையோடு நின்றபடி, அந்தப் பிள்ளை சொன்னது காதில் விழுந்தது. "ராத்திரிதான் வெளிய வந்து நிக்கு."

விடிந்ததும் போனேன். வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கோழி மூன்று நாளுக்கு முன்பே அடையை விட்டுவிட்டதாம். பதினாறாம் நாள். அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. முட்டைகளைக் கூடையோடு அப்படியே வைத்திருந்தாள். கூடையின் வைக்கோலைத் தூக்கினால் அடியில் சிவப்பாக ஊர்ந்தது. "பிள்ளைக ரெண்டும் கையெல்லாம் ஊறுதுன்னு ஒரு வாரமாச் சொல்லுது சார்" என்றாள். அந்த உண்ணி மனிதர்மேல் தங்காது, ஆனால் கடிக்கும்.

ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தோம். உள்ளே குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தது. அடுத்ததை உடைக்க எனக்குக் கை வரவில்லை.

"தப்பாச் சொல்லிட்டேம்மா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. பீடி இலையைப் பார்த்துக்கொண்டே, "நான் அன்னைக்கே சொன்னேனே சார், ராத்திரிதான் எந்திரிக்குன்னு" என்றாள். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அன்று முழுக்க இரண்டு வீட்டிலும் வேலை. டாக்டரம்மா சொன்னபடி செய்தோம். வைக்கோலையும் அவளுடைய கூடையையும் எரித்தோம். கூட்டின் எச்சத்தைச் சுரண்டி, கொதிக்கிற வெந்நீரை இடுக்கு இடுக்காக ஊற்றினோம். காய்ந்த பிறகு, அவர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கோழி இல்லாத கூட்டில் தெளித்தோம். பிளந்த பலகைகளைக் கழற்றிவிட்டு, மற்ற இடுக்குகளைப் பூசி அடைத்து, சுண்ணாம்பு அடித்தோம். கம்புக்குப் பதில் கழற்றிக் கழுவுகிற மாதிரி வழவழப்பான குழாய் வைத்தேன். முதல் மருந்துக்குத் தப்பிய முட்டைகள் பொரித்திருக்கும் என்பதால் ஏழாம் நாள் திரும்பவும் எல்லாம். தப்பு செய்தவன் நான், வெந்நீர்ப் பானையை நான்தான் தூக்கினேன்.

ஆச்சியின் வைத்தியத்தைப் பற்றியும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நொச்சி போடுறதுல தப்பே இல்ல சார், அந்த வாடைக்குப் பூச்சி அண்டாது. பொயிலைத்தூளும் சும்மா சொன்னது இல்ல, நிக்கோட்டின் பூச்சியைக் கொல்லும்" என்றார். பிறகு படித்தேன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பொயிலைச் சத்தைப் பாட்டிலில் விற்றிருக்கிறார்கள், கோழி உட்காரும் கம்பில் பூசுவதற்கு. ஆனால் அது கோழிக்கும் விஷம், பூசுகிற கைக்கும் விஷம். அதனால் பொயிலை வேண்டாம், நொச்சி போதும் என்பது அவர் தீர்ப்பு. வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கோழிமேல் அடிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கோழி அலகால் இறகைக் கோதும்போது அத்தனையும் அதன் வயிற்றுக்குள் போகும்.

நான் "அதெல்லாம் வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் தள்ளியதில் பாதி சரியான வைத்தியம் இருந்திருக்கிறது.

செவலைக்கு அதன் பிறகு ஒரு மாதம் ஆனது. முதலில் தீனிக்கு ஓடி வந்தாள். பிறகு சேவலைக் கொத்தினாள். பிறகுதான் கொண்டையில் நிறம் ஏறியது, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல. புரட்டாசியில் முட்டை வைத்தாள். இரண்டாம் தவணைப் புழு மருந்தும் கொடுத்தாயிற்று. புழுவும் இருந்தது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கிடைத்தவுடன் தேடுவதை நிறுத்திவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

அந்தப் பிள்ளைக்கு எங்கள் வீட்டுக் கோழிகளின் முட்டை பதினொன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள், வீட்டுக்காரி அதட்டிக் கொடுத்தாள். புதுக் கூடை, புது வைக்கோல், அடியில் நொச்சி. நானும் அவளும் முதல் வாரம் முழுக்க இராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தோம். கோழி அசையவில்லை. இருபத்தொன்றாம் நாள் எட்டுக் குஞ்சு. பொங்கலுக்கு விற்கிற கணக்கு சித்திரைக்குத் தள்ளிப்போனது. நான் கொடுத்த முட்டை அந்தப் பதினொன்றுக்கு ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

கோழி வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கொண்டையின் நிறத்தை வாரம் ஒரு தடவை பாருங்கள். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். வாடிய கோழியைத் தனியே வைத்து, எச்சத்தைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். வால் அடியில் இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். இன்று இராத்திரி கண்டிப்பாக ஒரு டார்ச்சும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போங்கள்.

இன்னொன்று. என் வகுப்பில் யாராவது எழுந்து ஒன்றைச் சொல்லி, நான் பாதியிலேயே "சரி, உக்காரு" என்று சொல்லியிருந்தால், அது என்ன என்று இப்போது எழுதுங்கள். முழுக்கப் படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்